தண்ணீர்தான் கேட்டேன்

நான் மயங்கி விழும்போது என்ன நடக்கிறது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் முதல் தடவை விழுந்தபோது வாட்ச்மேன்தான் தூக்கிக்கொண்டு போனாராம். நான் யாரையோ கூப்பிட்டேனாம். இந்த 'ஆம்' இல்லாமல் என் கதையில் பாதியைச் சொல்ல முடியாது. விழுந்தேனாம், கையை உதறினேனாம், சிரித்தேனாம். சிரித்தேன் என்று சொன்னவளோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய அரை நிமிடம் மட்டும்தான். முதலில் கொட்டாவி வரும். தூக்கக் கொட்டாவி மாதிரி இருக்காது, தாடையே கழன்றுவிடும் போல வரும். உள்ளங்கை வேர்க்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது அடுத்த தெருவிலிருந்து கேட்கும். பார்க்கிற பொருளெல்லாம் சாயம்போன துணி மாதிரி வெளுக்கும். அப்புறம் ஒன்றும் இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல மாட்டேன். இருட்டைப் பார்க்கவும் ஒருத்தி அங்கே இருக்க வேண்டுமே.

திரும்பி வந்ததும் என்னைச் சுற்றி முகங்கள் இருக்கும். விழுவதைவிட அந்த முகங்கள்தான் எனக்குப் பயம். அவர்கள் எதையோ பார்த்துவிட்டார்கள் என்பது தெரியும். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, படுத்துக்க" என்பார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் அத்தனை பேரும் ஓரடி தள்ளி நிற்கிறார்கள்?

ரத்தம் கம்மி என்றார்கள். பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று வண்டி வண்டியாகத் தின்று தீர்த்தேன். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் விஷயத்தை மறைத்தார்கள். சர்ச்சில் போதகர் ஆல்டருக்கு முன்னால் எங்களை நிற்கவைத்து நீளமாக ஜெபித்ததில் அங்கேயே சரிந்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் பிடித்தாராம். ஓடிப்போகாமல் மீதி சடங்கையும் முடித்துக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதால், அவர்மேல் எனக்கு எத்தனை கோபம் வந்தாலும் ஒரு அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

இதோடு வாழப் பழகிவிட்டேன். ரேஷன் கடை வரிசையில் நிற்க மாட்டேன், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். ஊசி போடுகிற இடத்தில் சுவரைப் பார்த்துக்கொள்வேன். கொட்டாவி வந்தால் இருக்கிற இடத்தில், அது பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும், தரையில் உட்கார்ந்துவிடுவேன். சோம்பேறி என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் யாரும் எனக்கு எதிரில் கொட்டாவி விட மாட்டார்கள். விட்டால் எல்லோரும் ஒரு நிமிடம் என்னையே பார்ப்பார்கள்.

ஆம்பூருக்கு வெளியே, ஹைவே ஓரத்தில் இருக்கிற ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைன். என் மெஷினுக்கு நேர் எதிரில், தோலுக்குப் பசை தடவி ஒட்டுகிற மேஜையில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது, ஒரே மகன். நான் கம்பெனியில் முதல் தடவை விழுந்தபோது மேஜையைத் தாண்டி வந்து தலை தரையில் மோதாமல் பிடித்தவள் அவள்தான். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "ஏய், உக்காரு. வெளுத்துட்ட." உட்கார்ந்தால் பல தடவை வராமலே போய்விடும். பதினோரு மணிக்கு ஒரு சின்ன பாட்டிலில் உப்புப் போட்ட மோர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைப்பாள்.

மற்றவர்களுக்கு அது வலிப்பு. விழுந்ததும் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று கத்தரிக்கோலைத் திணிப்பார்கள். தோலை மூக்கில் வைத்து அழுத்துவார்கள். நாள் முழுக்கத் தோலிலேயே கிடக்கிறவளுக்கு அதை முகரவைத்து என்ன தெளியப் போகிறது? சொன்னால் கேட்க மாட்டார்கள்.

அக்காவின் மகனுக்கு இருபத்து நாலு வயது. எந்த வேலையிலும் மூன்று மாதம் தங்க மாட்டான். ஒரு திங்கட்கிழமை காலையில் அதைப் பற்றிச் சண்டை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, இவள் அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் நான் வர்றப்போ நீ இந்த வூட்ல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் அவன் இல்லை. அவன் போன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. சட்டைகள் எல்லாம் கொடியில் இருந்தன.

அது மழைக்காலம். பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பாலாற்றில் தண்ணீர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், மணலும் முள்ளும்தான் பார்த்துப் பழக்கம். அந்த வருஷம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு ஜனங்கள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் மனதுக்குள் ஒரே நினைப்பு வந்திருக்கும். அக்காவிடம் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. போலீஸில் எழுதிக்கொடுத்தாள். பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று தெரிந்தவர்கள் போனுக்கெல்லாம் போட்டோ அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் கழித்து, வெயில் காலத்தில் ஒரு பகல் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் உடனே வரவில்லை. தகரக் கூரைக்குக் கீழே நூறு பேர், ஒரு விசிறிகூட ஓடவில்லை, பசையின் நெடி அப்படியே நின்றது. எனக்குக் கொட்டாவி வந்தது. உட்கார வேண்டும் என்று நினைத்தது வரைக்கும் தெரியும்.

கண் தெளிந்தபோது கரண்ட் வந்திருந்தது. தலைக்கு மேல் விசிறி ஓடியது. ஆனால் ஒரு மெஷினும் ஓடவில்லை. அந்த ஹாலில் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை. வழக்கமாக என்னைச் சுற்றி முட்டி மோதுகிற பெண்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். கையில் கத்தரிக்கோல் இல்லை, மூக்கில் தோல் இல்லை. அக்கா மட்டும் என் காலடியில் மண்டியிட்டு, இரண்டு கையையும் கும்பிட்டபடி இருந்தாள். நெற்றியில் ஏதோ உறுத்தியது. தொட்டுப் பார்த்தால் குங்குமம். எங்கள் வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கமே கிடையாது.

"இன்னாக்கா ஆச்சு?" என்றேன்.

அக்கா எழுந்து தன் மேஜைக்குப் போய்ப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை. மறுநாள் டிபன் பையைத் திறந்தால் உள்ளே ஒரு எலுமிச்சம்பழம். யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் கழிவறையில் பக்கத்து மெஷின் பெண்ணை மடக்கிக் கேட்டேன். அவள் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

"உனுக்கு சாமி வந்துடுச்சுக்கா. பசை மேஜை அக்கா, 'எம்புள்ள எங்க'ன்னு கேட்டாங்க. நீ, 'தண்ணி'ன்னு சொன்ன. திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. மூணு வாட்டியும் தண்ணின்னுதான் சொன்ன."

அம்மன் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களிடம் குறி கேட்பார்களே, அப்படி அக்கா என்னிடம் கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்மேல் எந்த அம்மன் வந்து இறங்கும் என்று கேட்டேன். "எந்த சாமியா இருந்தா இன்னாக்கா, வந்துச்சு இல்ல?" என்றாள். அப்புறம்தான் நான் சொன்ன சொல் என்ன என்பது மண்டையில் உறைத்தது. பாலாறு ஞாபகத்துக்கு வந்தது.

மயங்கித் தெளிகிறவர்கள் எல்லோரும் கேட்பது தண்ணீர்தான். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று நான் கேட்டது குடிக்கத் தண்ணீர். ஒருத்தர்கூட ஒரு வாய் கொடுக்கவில்லை.

அன்றே அக்காவிடம் போனேன். "அக்கா, தாகத்துக்குத் தண்ணி கேட்டேன். அவ்ளோதான். உங்க கேள்வி என் காதுலயே விழல."

அவள் பசை தடவுவதை நிறுத்தவில்லை. கோபமும் இல்லை அவளுக்கு. "நீ இன்னா கேட்டன்னு உனுக்கு எப்படித் தெரியும்? நீதான் அப்போ இல்லியே" என்றாள்.

அந்தச் சில நொடிகளில் என் வாயிலிருந்து வந்ததற்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது? அங்கே இருந்தவள் அவள். இல்லாதவள் நான். அன்று முதல், சாமி வருவதை நம்பாத எனக்கே ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. நான் இல்லாத நேரத்தில் என் வாயைப் பயன்படுத்துவது யார்? குளிக்கும்போது கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அக்கா ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி, குளம், கிணறு என்று போக ஆரம்பித்தாள். கணியம்பாடிப் பக்கம், அணைக்கட்டுப் பக்கம், எந்த ஊர்க் கொல்லையில் பாழுங்கிணறு இருக்கிறது என்று பஸ்ஸில் வருகிற பெண்களிடம் விசாரிப்பாள். போய் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பாளாம். நிலத்துக்காரர்கள் இவளே குதிக்க வந்தவள் என்று பயந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைப்பார்களாம். அவன் திருப்பூரில் ஏதாவது பனியன் கம்பெனியில் உயிரோடு இருக்கலாம். இவள் கிணற்றுக்குள் தேடுகிறாள். அனுப்பியது என் வாய்.

கொஞ்ச நாளில் எனக்கு வேறொன்று உறைத்தது. பதினோரு மணி மோர் நின்றுபோயிருந்தது. மறந்துவிட்டாள் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் சூப்பர்வைசர் என்னை மெஷினிலிருந்து எடுத்து, தைத்து வந்த ஜோடிகளைச் சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றினார். அங்கே எட்டு மணி நேரமும் நின்றுதான் வேலை. ஏன் சார் என்றேன். "அந்த அக்காதாம்மா சொன்னாங்க, உக்காந்து உக்காந்து உனக்கு இடுப்பு வலின்னு."

எனக்கு இடுப்பு வலியே கிடையாது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா தன் இடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தது. முன்பும் இப்படித்தான் பார்ப்பாள், நான் வெளுக்கிறேனா என்று. அப்போதெல்லாம் வெளுத்தால் உட்கார் என்பாள். இப்போது நான் வெளுப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக என்னைத் தாங்கிப் பிடித்த கை, நான் விழட்டும் என்று காத்திருக்கிறது.

அந்த மேஜையில் இரண்டு தடவை விழுந்தேன். முதல் தடவை அவள் வந்து சேர்வதற்குள் தெளிந்துவிட்டது. இரண்டாவது தடவை மேஜை முனையில் புருவம் கிழிந்து மூன்று தையல். ரத்தத்தைத் துடைக்காமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லையாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா, எனுக்கு வேற யார் கீறாங்க கேக்கறதுக்கு?" என்று அழுதாள். எழுந்து வந்துவிட்டேன்.

தையலைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "போதும், கெளம்பு" என்று வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கட்டில். அதில் படுக்கவைத்து நெஞ்சிலும் காலிலும் பட்டை போட்டுக் கட்டினார்கள். பிறகு கட்டிலையே தலைப்பக்கம் தூக்கி, ஏறக்குறைய நிற்கவைத்துவிட்டார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கள் என்றார் டாக்டரம்மா. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார். அறையில் ஏசி சத்தம் மட்டும். நான்கு பேர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் விழுவதற்காக மனிதர்கள் காத்திருப்பது எனக்கு ஏற்கெனவே பழக்கம்தான். அரை மணி கழித்துக் கொட்டாவி வந்தது.

தெளிந்த பிறகு டாக்டரம்மா ஒரு நீளக் காகிதத்தைக் காட்டினார். மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் நேராகப் போனது. விரலால் அளந்தேன், ஒரு சாணுக்கு மேல் இருந்தது. அதற்கப்புறம் மறுபடி மேலும் கீழும்.

"இங்க உங்க ஹார்ட் நின்னுருக்கு. பதினோரு செகண்ட்."

"நின்னுச்சுன்னா?"

"நின்னுது. தானாவே திரும்ப ஆரம்பிச்சுது. பயப்படாதீங்க. நாப்பது தாண்டிட்டீங்க, பேஸ்மேக்கர் வெச்சுடலாம். நிக்கப் பாத்தா அது தட்டிவிடும். இப்படி விழமாட்டீங்க."

"அந்த நேரத்துல நான் பேசுவேனா டாக்டர்?"

"தெளியும்போது ஏதாவது உளறலாம். அதுக்கு அர்த்தமெல்லாம் கெடையாது."

என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்துக்கு ஒரு நகல் வாங்கி மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். நான் சில நாள் அதை எடுத்து விரித்துப் பார்ப்பேன். அந்த நேர்க்கோட்டில் நான் எங்கே இருந்தேன்? இத்தனை வருஷத்தில் எத்தனை சாண் அப்படி இல்லாமல் இருந்திருக்கிறேன்? யோசிக்க யோசிக்கப் பேஜாராகும். மடித்து வைத்துவிடுவேன்.

லீவு சொல்ல வேண்டுமே. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டி வைக்கப்போகிறார்கள் என்று சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அப்போ இனிமே வராதா?"

"வராதுக்கா. வராம இருக்கத்தான் வெக்கிறாங்க."

டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். "பங்காளிங்க சொல்றாங்க, வருஷம் திரும்பறதுக்குள்ள காரியம் பண்ணி, போட்டோவுக்கு மாலை போட்டுடணும்னு. நானும் சரின்னுட்டேன். ஒரே ஒரு வாட்டி உறுதியா கேட்டுட்டா போதும், போட்டுடுவேன். நீ இன்னாடான்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்குச் சாவைச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லாவிட்டாலும், முன்பு சொன்ன சொல்லே போதும் என்று மாலை போட்டுவிடுவாள். ஒருநாள் அவன் கதவைத் தட்டினால், தன் போட்டோவில் மாலையைப் பார்ப்பான். விழுகிற மாதிரி நடிக்கலாமா என்று அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பொய் சொல்லாத, ஜெபம் பண்ணு" என்றார். ஜெபமும் பண்ணினேன். மறுநாள் பொய்யும் சொல்லத் தீர்மானித்தேன்.

சாப்பாட்டு மணி முடிந்து எல்லோரும் இடத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம். சரிபார்க்கிற மேஜையில் நின்றபடி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன். அக்கா தலை நிமிர்ந்தாள். கையிலிருந்த ஷூவை நழுவவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழங்கால் மடங்க மெதுவாகச் சரிந்தேன். ஒருத்தி இப்படி நடிக்கிறாளே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் ஓடிவரும் சத்தம் கேட்டது. முதல் தடவையாக அவள் என்னைப் பிடிப்பதை உணர்ந்தேன். ஒரு கை பிடரியில், ஒரு கை இடுப்பில். அத்தனை பத்திரமாக என்னை என் அம்மாகூடப் பிடித்திருப்பாளா, தெரியாது. தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தள்ளிப் போங்க எல்லாம். காத்து வரட்டும்" என்றாள். காலடிகள் விலகின. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் என் காதுக்குக் கிட்டே குனிந்தாள்.

"எம்புள்ள இருக்கானா?"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. என்னிடம் கேட்ட குரல் இல்லை அது. என்னைத் தாண்டி யாரிடமோ கேட்டாள்.

"இருக்கான்" என்றேன்.

"எங்க?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "தூரமா" என்றேன். "வருவான்."

அவள் மூச்சு என் நெற்றியில் பட்டுக்கொண்டிருந்தது. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், பழையபடி எனக்கென்று பேசினாள்.

"மயக்கம் போட்டா உன் கண்ணு மூடாதுமா. ஒரு வாட்டிகூட மூடுனதில்ல. தொறந்துனு என்னையே பாத்துனு இருக்கும்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக விழுந்துகொண்டிருக்கிறேன். அம்மா சொன்னதில்லை, வீட்டுக்காரர் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில் சொன்னதில்லை. அந்தப் பதினோரு செகண்டும் என் கண் திறந்தே இருந்திருக்கிறது. அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. மூடிய இமைக்குள் என் கண் தானாக அசைந்தது. அவளும் அதைப் பார்த்திருப்பாள். மானம் போயிற்று, எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினேன்.

அவள் உள்ளங்கையை என் கண்கள்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். பசை காய்ந்த கை, சொரசொரவென்று இருந்தது.

"வாணாம், தொறக்காத" என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லு."

"இருக்கான்கா" என்றேன்.